ஸ்டியரிங்கில் கட்டிய உப்பு

மரக்காணத்தில் தெய்வநாயகியைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். அப்புறம்தான், போனால் போகிறது என்று, நன்றாக வண்டி ஓட்டுவாள் என்பார்கள். இது தலைகீழ் வரிசை. அவள் கைக்கு வண்டி பழகியது முதலில்; வாய் அதற்குப் பின்னால் வந்தது. ஸ்டியரிங் பிடிக்கிற பொம்பளைக்கு வாய் இல்லையென்றால் அவளைக் கீழே இறக்கிவிட்டுத்தான் ஊர் மறுவேலை பார்க்கும். அதனால் வந்தது.

பெருமுக்கல் பக்கத்தில் நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவள். கட்டிக்கொடுத்தது மரக்காணத்தில், உப்பளத்து வேலைக்காரர்கள் வீட்டில். புருஷன் கலியமூர்த்தி சின்ன லோடு வண்டி ஒன்று வைத்திருந்தான். ஊரில் அதற்குக் குட்டி யானை என்று பெயர். உப்பு மூட்டை, மீன் பெட்டி, கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவான். ஒரு நாள் மூட்டை அடுக்கு சரிந்து அவன் தோளில் விழுந்தது. கை மேலே எழும்பாமல் போய்விட்டது. வண்டி வாசலில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அதன் மேல் துணி காயவைக்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் காலையில் தெய்வநாயகி அந்தத் துணிகளையெல்லாம் எடுத்து வேலியில் போட்டுவிட்டு, புருஷனைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, உப்பு குவிக்கிற மேட்டுக்கு வண்டியை உருட்டிக்கொண்டு போனாள். பாதி நாள் திட்டு வாங்கினாள், மீதி நாள் திட்டினாள். அந்த சீசன் முடிவதற்குள் அவள் டிரைவர்.

லைசென்ஸ் கொடுக்கிற இடத்தில், சேலை கட்டிக்கொண்டு கிளட்ச் மிதிக்க முடியுமா என்று ஒருவர் கேட்டாராம். "சேல கட்டிக்கினுதான் சார் உப்பு செமந்தேன். கிளட்ச் அத்தவிடக் கனமா இருக்குமா?" என்று இவள் கேட்டிருக்கிறாள். அதற்கப்புறம் அவர் எட்டுப் போடச் சொன்னாரே தவிர வேறு எதுவும் பேசவில்லை.

குட்டி யானை ஓய்ந்துபோனபோது அவள் மற்றவர்களுடைய கார்களை ஓட்ட ஆரம்பித்தாள். அப்படித்தான் சிவப்பிரகாசத்திடம் வந்து சேர்ந்தாள். உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர் அவர். அளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அவர் முதலாளி. நல்ல மனுஷர்தான், தன்னை யாரும் மறுத்துப் பேசாத வரைக்கும். வாலிபத்தில் இருந்து தானே கார் ஓட்டிக்கொண்டு திரிந்தவர், திடீரென்று டிரைவர் வைத்தார். முதலாளி என்று இருந்தால் டிரைவர் இருந்தால்தான் கௌரவம் என்று ஊரில் சொல்லிக்கொண்டார். தெய்வநாயகிக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, டாக்டர் ஏதோ சொல்லியிருக்கிறார் என்பது மட்டும்தான். பின் சீட்டில் உட்கார்ந்து வரும்போது அவர் கை சும்மா இருக்காது. வளைவு வந்தால் முழங்கால் மேல் விரல்கள் தானாக வளையும். அதைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருக்கும்.

அந்த மனுஷர்தான் புதுக் கார் வாங்கினார்.

புதுச்சேரி ஷோரூமில் வண்டியை ஒப்படைத்த பெண்ணின் பெயர் ஜெயப்ரியா. பொறுமைசாலி. சிவப்பிரகாசத்தையும், அவர் மனைவி அம்சவல்லியையும், டிரைவர் என்பதால் தெய்வநாயகியையும் காருக்குள் உட்காரவைத்துச் சொன்னாள்.

"சார், இதுல ரெண்டு விஷயம் இருக்கு. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சிடாதீங்க. லேன் கீப்பிங்னு ஒண்ணு. நீங்க வெள்ளைக் கோட்டைத் தாண்டப் போறீங்க, இண்டிகேட்டர் போடலைன்னா, ஸ்டியரிங்கை லேசா உள்பக்கம் தள்ளிவிடும். மத்த நேரம் சும்மா இருக்கும். இன்னொண்ணு லேன் சென்டரிங். வேகத்தைப் புடிச்சு வெக்கிற க்ரூஸைப் போட்டுட்டு இதையும் போட்டீங்கன்னா, ரெண்டு கோட்டுக்கும் நடுவுலயே வண்டிய விடாம புடிச்சிட்டுப் போகும். முன்னாடி போற வண்டிக்குத் தகுந்த மாதிரி ஸ்பீடையும் பாத்துக்கும்."

"அப்ப வண்டி தானா ஓடும்னு சொல்லு" என்றார் சிவப்பிரகாசம்.

"இல்ல சார். இது உதவிதான். ஓட்டுறது நீங்கதான். கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு கேமரா இருக்கு பாருங்க, அது ரோட்டுக் கோட்டைத்தான் பாக்குது. கோடு அழிஞ்சிருந்தா அதுக்கு ஒண்ணும் தெரியாது. அதனால கண்ணாடியில சாமி படம், மணி எதுவும் தொங்க விடாதீங்க. கை எப்பவும் ஸ்டியரிங்ல இருக்கணும். எடுத்தா சத்தம் போடும். அப்பவும் வைக்கலைன்னா வேலையை நிறுத்திடும்."

"கை இருக்குதுன்னு அதுக்கு எப்பிடிமா தெரியும்?" என்று தெய்வநாயகி கேட்டாள்.

"கை வெச்சா ஸ்டியரிங்ல லேசா ஒரு இழுப்பு இருக்கும் இல்லையா? அதை வெச்சுக் கண்டுபிடிக்குது."

ஜெயப்ரியா சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. ஆனால் சிவப்பிரகாசத்தின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். வண்டி தானாக ஓடும்.

முதல் வாரமே தெய்வநாயகிக்கும் காருக்கும் சண்டை. மரக்காணத்தில் இன்னும் அகலப்படுத்தாத ரோட்டில் விடியற்காலையில் உப்பளத்துக்குப் பெண்கள் வரிசையாக நடந்து போவார்கள். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நடக்க இடம் இருக்கிறதா என்றால், இருக்கிறது, சீமைக்கருவேல முள்ளும் மணலும். அதனால் கோட்டுக்கு உள்ளேதான் நடப்பார்கள். இந்தப் பக்கத்து டிரைவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். தூரத்தில் தலைகள் தெரியும்போதே வண்டியை வலது பக்கம் ஒதுக்கி, நடுக்கோட்டைத் தாண்டி, அவர்களுக்கு இடம் விட்டுப் போவார்கள். இதற்கு யாரும் இண்டிகேட்டர் போடுவது கிடையாது. போட்டால், பைக்கில் பின்னால் வருகிறவன், முன்னால் போகிற வண்டி வலது பக்கம் அளத்துப் பாதையில் திரும்பப் போகிறது என்று நினைத்து இடது பக்கம் நுழைவான். பெண்கள் நடப்பது அங்கேதான்.

அன்று காலை தெய்வநாயகி வழக்கம்போல வண்டியை வலதுபுறம் ஒதுக்கினாள். ஸ்டியரிங் அவள் கைக்குள்ளேயே நெளிந்து இடது பக்கம் திரும்பப் பார்த்தது. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இத்தனை வருஷத்தில் புருஷன்கூட அவள் பிடித்த ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்தாள். காருடைய பலம் பெரிதொன்றும் இல்லை, விட்டுக்கொடுத்துவிட்டது. ஆனால் அடுத்த கூட்டத்துக்கு ஒதுங்கியபோது மறுபடியும் அதே நெளிப்பு.

"யார இடிக்கச் சொல்ற நீ?" என்று அவள் காரைப் பார்த்துக் கேட்டாள். பின் சீட்டில் சிவப்பிரகாசம் சிரித்தார்.

அன்று முதல் காரை ஸ்டார்ட் பண்ணியதும் லேன் கீப்பிங் பட்டனை அமுக்கி அதை அணைத்துவிட்டுத்தான் கிளம்புவாள். அணைத்தது அணைத்தபடி இருக்காது. ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணும்போதும் அது தானாக உயிர்பெற்றுவிடும். இவளும் ஒவ்வொரு தடவையும் அணைப்பாள். யார் சளைப்பது என்று பார்க்கலாம் என்கிற மாதிரி இரண்டு பேரும் நடந்துகொண்டார்கள்.

நியாயம் பேசினால் எல்லாப் பக்கமும் பேச வேண்டும். திண்டிவனம் தாண்டிச் சென்னைக்குப் போகிற நாலு வழிச் சாலையில் அவளே லேன் சென்டரிங்கைப் போட்டுக்கொள்வாள். கோடு பளிச்சென்று இருக்கும், நடந்து போகிறவர்கள் கிடையாது. கை மேலே இருந்தால் போதும், தோள்பட்டை வலி பாதியாகக் குறைந்தது. நல்லதை நல்லது என்று சொல்ல அவளுக்கு எந்த வருத்தமும் இல்லை. இங்கே போடு, அங்கே போடாதே என்று சொல்கிற உரிமை தன்னுடையது என்பதுதான் அவள் கட்சி.

"காசு குடுத்து வாங்குனது நானு. அத்த அமுத்தி அமுத்தி நிறுத்த நீ யாரு?" என்று சிவப்பிரகாசம் ஒரு நாள் கேட்டார்.

"ஓட்டறவ. நிறுத்தக் கூடாதுன்னா எறங்கிக்கறேன், நீங்களே ஓட்டுங்க மொதலாளி."

அவர் முகம் சுருங்கிப் போனது. ஏன் இந்த வார்த்தை அவரை அப்படித் தைத்தது என்று அப்போது அவளுக்குப் புரியவில்லை.

அடுத்து நடந்ததற்கு அம்சவல்லிதான் காரணம், ஆனால் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. புதுக் காரில் கோயில் வாசலில் யாரோ கீறல் போட்டுவிட்டார்கள். பார்த்தவர்கள் கண்ணெல்லாம் காரின் மேல்தான் என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. உப்பளத்துக்காரர் வீட்டில் திருஷ்டிக்குப் பஞ்சமா? கை நிறையக் கல்லுப்பு, வரமிளகாய், படிகாரம், மூன்றையும் சிவப்புத் துணியில் போட்டு நல்ல கனமான முடிச்சாகக் கட்டினாள். கண்ணாடியில் தொங்கவிடக் கூடாது என்று ஷோரூம் பெண் சொல்லியிருந்தாள் அல்லவா? அம்சவல்லி சொன்ன பேச்சைக் கேட்கிறவள். கண்ணாடியை விட்டுவிட்டு ஸ்டியரிங் வளையத்தின் இடது பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டாள்.

தெய்வநாயகிக்கு அது திருப்பும்போதெல்லாம் கையில் இடித்தது. ஆனால் திருஷ்டி முடிச்சை அவிழ்க்க யாருக்குத் துணிச்சல் வரும்? இடித்தால் இடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. சிவப்பிரகாசம் யாருக்கும் தெரியாமல் சாவியை எடுத்துக்கொண்டு தானே கூனிமேடு வரைக்கும் போய்விட்டு வந்தார். திங்கட்கிழமை தெய்வநாயகி வந்தபோது மாப்பிள்ளைக் களையோடு வாசலில் நின்றார்.

"கைய வெக்கவே இல்ல தெய்வநாயகி. மடியில வெச்சிக்கினு ஒக்காந்திருந்தேன். மின்னாடி கைய எடுத்தா கத்தும் இல்ல? இப்ப மூச்சு வுடல. அம்சா திருஷ்டி கழிச்சதுல வண்டிக்கு இருந்த கொறையெல்லாம் பூட்டுது."

"அது எப்பிடிங்க பூடும்?"

"பூட்டுதுன்னு சொல்றேன். நாளைக்கி விடியக்காலம் நானே அளத்துக்கு ஓட்டறேன். நீ பக்கத்துல ஒக்காந்து பாரு. செரியா இருந்துதுன்னா, இன்னிமே உனுக்கு செரமம் வேணாம்."

உனக்குச் சிரமம் வேண்டாம் என்றால் உனக்கு வேலை இல்லை என்று அர்த்தம். அது அவளுக்குப் புரிந்தது. அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. விடியற்காலையில் அந்த ரோட்டில் நடந்து போகிறவர்களில் அவளுடைய நாத்தனார் மலர்கொடியும் உண்டு.

மறுநாள் இருட்டு விலகும் நேரத்தில் கிளம்பினார்கள். சிவப்பிரகாசம் ஸ்டியரிங் முன்னால், தெய்வநாயகி இடது சீட்டில். மெயின் ரோட்டுக்கு வந்ததும் அவர் இரண்டு பட்டன்களை அமுக்கிவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். கார் போனது. அழகாகத்தான் போனது, அதை அவளால் மறுக்க முடியவில்லை. வளைவில் ஸ்டியரிங் தானே மெதுவாகத் திரும்பி, தானே நேரானது. முன்னால் போன பஸ் வேகம் குறைத்தபோது காரும் குறைத்தது. அவர் காலைக்கூட அசைக்கவில்லை. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

தெய்வநாயகி ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு வந்தாள். கை இல்லை, ஆனால் கார் கத்தவில்லை. ஏன்? முடிச்சு மட்டும் ஸ்டியரிங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தொங்கியது. அவள் கையை நீட்டி அதை அடியில் தாங்கிப் பார்த்தாள். நல்ல கனம். அதை அவள் தூக்கிப் பிடித்த கொஞ்ச நேரத்தில் கார் பீப் என்றது. விட்டாள். சத்தம் நின்றது.

"மொதலாளி, கொற ஒண்ணும் தீரல. இந்த உப்புதான் ஸ்டியரிங்க இழுத்துக்கினு கீது. உங்க கைன்னு நெனச்சிக்கினு வண்டி ஏமாந்து போவுது. மொதல்ல கைய வைங்க."

"உப்பு காரு ஓட்டுதா? நல்லாக் கீதே கத" என்று அவர் சிரித்தார். கை மடியை விட்டு நகரவில்லை.

பஸ் வேறு பக்கம் திரும்பிவிட்டது. ரோடு காலியானது, கார் தன் வேகத்தைத் திரும்ப எடுத்தது. அளத்துக்குப் பக்கத்தில் ரோட்டின் இடதுபக்கத்து வெள்ளைக் கோட்டை மணல் மூடியிருக்கும். அன்றைக்கு அதற்கும் மேலே ஒன்று இருந்தது. கிழிந்த மூட்டையோடு போன ஏதோ ஒரு உப்பு லாரி, குடோன் பக்கம் திரும்பிய வழி முழுக்க வெள்ளையாக உப்பைக் கொட்டிக்கொண்டே போயிருந்தது. மனுஷக் கண்ணுக்கு அது சிந்திய உப்பு. கேமராவுக்கு அது கோடு. காரின் மூக்கு மெதுவாக, மிக மரியாதையாக, அந்த உப்புக்கோட்டைப் பிடித்துக்கொண்டு இடது பக்கம் சாய்ந்தது. அந்த இடத்தில்தான் பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஆள் குறுக்கே வந்தால் தானாக நிற்கிற வசதியும் அந்தக் காரில் உண்டு. ஆனால் அவர்கள் குறுக்கே வரவில்லை, ஓரமாகத்தானே போனார்கள்?

"பிரேக்கு" என்றாள் தெய்வநாயகி.

அவர் கால் பிரேக்கைத் தேடியது. தேடியதை அவள் கண்ணால் பார்த்தாள். செருப்பு கழன்று ஒரு பக்கம் கிடந்தது, அது கழன்றதுகூட அவருக்குத் தெரிந்ததாக இல்லை. பாதம் வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. மிதிக்கிறோம் என்றே அவர் முகம் சொன்னது.

அவள் இடது சீட்டில் இருந்தபடியே குறுக்கே பாய்ந்து இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து வலது பக்கம் இழுத்தாள். கார் எதிர்த்தது. அவளும் எதிர்த்தாள். முடிச்சு அவள் மணிக்கட்டில் அடித்தது. ஒரு கையால் நடுவில் இருந்த ஹேண்ட்பிரேக் சுவிட்சைத் தூக்கிப் பிடித்தாள். கார் அலறிக்கொண்டு, ரோட்டின் குறுக்கே கோணலாக நின்றது.

கார் யார் மேலும் படவில்லை. மலர்கொடியின் தூக்குவாளி மட்டும் சக்கரத்துக்கு அடியில் நசுங்கி, கூழ் ரோட்டில் வழிந்திருந்தது. மலர்கொடி முள்ளுக்குள் விழுந்து கிடந்தாள். அவளை எழுப்பி நிறுத்தி, கையில் காலில் குத்தியிருந்த முள்ளைப் பிடுங்கும்போதுதான் தெய்வநாயகிக்குக் கோபம் வந்தது. பயமும் இருந்தது, ஆனால் கோபம்தான் பெரிது.

திரும்பி வந்து கதவைத் திறந்தாள். முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தாள். துணியைப் பிரித்து உப்பையும் மிளகாயையும் ரோட்டில் கொட்டினாள். பெண்களில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். புதுக் காரின் திருஷ்டி முடிச்சை அறுப்பது என்பது அந்த ஊரில் யாரும் செய்யாத காரியம்.

அன்று சாயங்காலத்துக்குள் கதை வேறு மாதிரி ஊரைச் சுற்றியது. பெண்கள் நடுரோட்டில் நடந்தார்களாம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிரைவரம்மா பயந்துபோய் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்துவிட்டாளாம். முதலாளிதான் எப்படியோ நிறுத்தினாராம். அம்சவல்லி ஆள் அனுப்பாமல் தானே தெய்வநாயகி வீட்டுக்கு வந்தாள். முடிச்சை அறுத்ததில் அவள் ஆடிப்போயிருந்தாள்.

"ஊட்டுக்கு ஆவாத காரியம் பண்ணிட்டியேடி. அவருக்கு எதுனா ஒண்ணுன்னா?"

"அவருக்கு ஆவக் கூடாதுன்னுதாங்கம்மா அறுத்தேன்."

"சரி உடு. நாளைக்கி உப்புக் களத்துல எல்லாரையும் கூட்டறோம், அங்க வந்து, நான் பயந்து இழுத்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடு. மலர்கொடிக்குப் புது வாளி வாங்கித் தர்றோம். நீயும் வேலையில இரு. அவரு பேரு கெடக் கூடாது பாரு."

கலியமூர்த்தி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். எதைச் சொன்னாலும் தெய்வநாயகி கேட்கிறவள் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

"என்னிய இன்னா வேணா சொல்லுங்க, வாய்க்காரின்னு சொல்லுங்க. வண்டி ஓட்டத் தெரியாதவன்னு மட்டும் என் வாயாலயே சொல்லச் சொல்லாதீங்க" என்றாள் தெய்வநாயகி. "களத்துக்கு வர்றேன். ஆனா நடந்தத சொல்லத்தான் வருவேன்."

சொன்னபடி போனாள். உப்பைக் குவித்து வைத்திருந்த மேட்டுக்குப் பக்கத்தில் ஆட்கள் கூடியிருந்தார்கள். புதுக் காரும் நின்றது. அதை அங்கே ஓட்டிக்கொண்டு வந்தது சிவப்பிரகாசத்தின் மச்சான், திண்டிவனத்தில் இருந்து வரவழைத்த ஆள். சிவப்பிரகாசம் காருக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்சவல்லி பின்னால் நின்றாள்.

"சொல்லு தெய்வநாயகி" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "நீ இழுத்ததாலதான வண்டி கோணிக்கினு நின்னுது?"

"ஆமாங்க. நான்தான் இழுத்தேன். இழுக்கலன்னா மலர்கொடி இல்ல, அவ பின்னால வந்த நாலு பேரு இல்ல."

"அப்ப ஓட்டுனது நானு, தப்பு என்னுதுன்றியா?"

"இல்லைங்க. நீங்க ஓட்டல."

"பின்ன?"

"யாருமே ஓட்டல மொதலாளி. அதான் தப்பு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. மச்சான் அவளைப் பார்த்து ஏதோ அதட்ட வந்தார். தெய்வநாயகி அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"காரு கோட்டப் பாத்துது. உப்பு ஸ்டியரிங்கப் புடிச்சிக்கினு இருந்துது. மனுசங்க ரெண்டு பேரு சும்மா ஒக்காந்து போனோம், அதுல நானும் ஒருத்தி. முடிச்சு இழுக்குதுன்னு தெரிஞ்ச ஒடனே நான் அத்த அறுத்திருக்கணும். திருஷ்டிக்கு பயந்து சும்மா இருந்தேன். அது என் தப்பு, ஒத்துக்கறேன். இவங்க நடுரோட்டுல நடந்தாங்கன்னு சொன்னா மட்டும் ஒத்துக்க மாட்டேன். என் வேல போனாலும் சரி."

அவருடைய காலைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. செருப்பு கழன்று கிடந்ததைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அதைச் சொல்லியிருந்தால் வழக்கு அந்த நிமிஷமே முடிந்திருக்கும். சொல்லவேண்டியது அவர், நான் இல்லை என்று நினைத்தாள். அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்கும் அது தெரிந்தது. சிவப்பிரகாசம் தலையைக் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார்.

"தெய்வநாயகி சொல்றது நெசம்" என்றார் கடைசியில். குரல் உள்ளே போயிருந்தது. "கைய நான் வெக்கல. காலும்... காலு எனுக்குத் தெரியல. மிதிக்கறனா இல்லையான்னு தெரியறதில்ல. ரொம்ப நாளாவே தெரியறதில்ல. அதுக்குத்தான் டாக்டர் ஓட்டக் கூடாதுன்னாரு."

அம்சவல்லிக்கே அது புதிதாக இருந்திருக்க வேண்டும். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். மச்சான் எங்கேயோ பார்த்தார். கையில் கட்டுப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் நின்ற மலர்கொடிதான் கேட்டாள்.

"தெரிஞ்சிக்கினே ஏன் ஓட்டுனீங்க?"

"ஆசதான். இத்தினி வருசமா ஓட்டுனவன். இந்த வண்டி வந்த ஒடனே, இனிமே சாவற வரைக்கும் ஓட்டலாம்னு நெனச்சிட்டேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. முழங்கால் மேல் வளைந்த அந்த விரல்களைத் தெய்வநாயகி எத்தனை நாள் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். ஏதாவது ஆறுதலாகச் சொல்லலாமா என்று வாயைத் திறந்தாள். அதற்குள் மலர்கொடி பேசிவிட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை, இரக்கமும் இல்லை.

"ஆச உங்களுது மொதலாளி. ரோடு எங்களுது."

சொல்லிவிட்டு உப்பு வாருகிற பலகையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உப்புப் பாத்தியை நோக்கி நடந்தாள். மற்ற பெண்களும் ஒவ்வொருத்தியாக அவள் பின்னால் போனார்கள். தெய்வநாயகி அவர்களில் கடைசி ஆள் மேட்டைத் தாண்டும் வரைக்கும் அங்கேயே நின்றிருந்தாள்.